மாடி அறை ஷவர்

“சார், ஷவர் சொட்டுதே தவிர பெய்யலை,” என்றார் பிளம்பர், உள்ளங்கையை நீட்டிப் பிடித்தபடி.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். கூரைக்கடியில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த பரணை நான்கு மாதம் இடித்துக் கட்டி, அறையும் குளியலறையுமாக ஆக்கியிருந்தார். எல்லாம் மாமனாருக்காக. அன்று மாலை அவர் நிரந்தரமாகத் தங்க வருகிறார். ரேடியோவைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பவர். மருமகன் எதைச் செய்தாலும் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்பவர். கீழே குமாஸ்தாவுக்கு, குறட்டையின் புண்ணியத்தில், தனி அறை. அதற்கும் மாமனாருக்கும் நடுவில் ஒரு தளமாவது இருக்கட்டும் என்று நினைத்தார்.

“என்ன பண்ணலாம்?”

“டேங்க் ஷவரைவிட ஒரு முழம்தான் உசரத்துல இருக்கு. தண்ணிக்கு வேகம் எங்கேருந்து வரும்? பம்பு வெச்சா தள்ளும்.”

வைத்தார்கள். ஷவர் சீறியது. அதே நொடியில் கீழே ‘டப்’ என்று ஒரு சத்தம். சமையலறைக் குழாய் கழன்று பறந்து மாவு டப்பாவில் விழுந்திருந்தது. மனைவி தலைமுதல் கால்வரை நனைந்து நின்றாள்.

“ஏங்க, நான் காலைலயே குளிச்சாச்சு,” என்றாள்.

புதுக் குழாய் மாட்டி, பம்பின் வேகம் மாடிக்கு மட்டும் போகும்படி பைப்பைப் பிரித்தார் பிளம்பர். இப்போது இருக்கிற தண்ணீரையெல்லாம் பம்பு தானே இழுத்துக்கொண்டது. மேலே ஷவரைத் திறந்தால் கீழே எல்லாக் குழாயிலும் காற்றுதான் வந்தது. கையெல்லாம் சோப்பு நுரையோடு மனைவி படியடியில் வந்து நின்றாள்.  

“ஒண்ணு மேல வரும், இல்லாட்டி கீழ வரும் சார். ரெண்டும் வேணும்னா சுவரை உடைச்சுப் பெரிய பைப்பா போடணும். ஒரு வாரம் ஆகும்.”

மணி நான்கு. குமாஸ்தா கீழே தன் அறையை ஒட்டியிருந்த குளியலறையை நினைத்துக்கொண்டார்.

“பம்பைக் கழட்டிடுங்க. கீழ நல்லா வரட்டும்.”

“மேல நூல் மாதிரிதான் வரும். ஒரு பக்கெட் ரொம்ப அரை மணி ஆகும்.”

“ஆகட்டுமே. வயசானவர்தானே, அவசரமா ஆபீஸுக்கா போகணும்?”

பிளம்பர் பம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆறு மணிக்குக் குமாஸ்தா கடைக்குப் போய்த் திரும்பியபோது, மாமனார் கூடத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படியருகே கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள். நலம் விசாரித்துவிட்டு, நல்ல மருமகனாக, கனமான பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறினார். பாதி தூரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாத்து ஏறுங்க மாப்பிள்ளை. என் முட்டி வலிக்குப் படி ஆகாதுன்னு பொண்ணு என் சாமானையெல்லாம் உங்க ரூம்ல அடுக்கிட்டா; அது உங்க துணிமணி.”