மூச்சு விடும் வேர்

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்த பிறகுதான், தான் செய்த காரியம் ஆபரேட்டருக்கு உறைத்தது.

"ஐயையோ!"

பழகிய கை. பாதி குடித்துவிட்டு மீதியைப் பால்கனிச் செடிக்கு ஊற்ற வேண்டும் என்பது வீட்டில் மனைவி போட்ட சட்டம். ஆனால் இது பால்கனிச் செடியா? மண்ணைத் தோண்டாமலே உள்ளே இருக்கிற வேரைக் காட்டும் எக்ஸ்ரே மெஷினுக்குள் வாராவாரம் போய்வரும் தக்காளிச் செடி. படமெடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அதற்குத் தண்ணீரைக் கண்ணில் காட்டக்கூடாது. ஈர மண்ணும் வேரும் படத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். எது வேர், எது சேறு என்று மெஷினைச் செய்தவனே வந்தாலும் சொல்ல முடியாது.

அதுவும் இன்றைக்கா! மூன்று மணிக்குக் கமிட்டித் தலைவர் வருகிறார். டைரக்டர் மேடத்தின் கண்டுபிடிப்பைக் கண்ணால் பார்த்தால்தான் ஆய்வு தொடரும். ஆய்வு தொடர்ந்தால்தான் ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கும் ஆபரேட்டரின் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் இன்றோடு சரி.

கண்டுபிடிப்பு சாதாரணமானதல்ல. மேடத்தின் தக்காளி வேர் மூச்சு விடுகிறது! இரண்டு வாரம் விரியும், மூன்றாம் வாரம் சுருங்கும். மேலே செடி என்னவோ எப்போதும் சாண் உயரம்தான். மண்ணுக்குள்தான் இந்தக் கூத்து. இதுவரை மூன்று தடவை சுருங்கியாகிவிட்டது. இது பன்னிரண்டாவது வாரம், மறுபடி சுருங்க வேண்டிய முறை. "பக்கத்துல இருந்த கூழாங்கல்லுகூட நகர்ந்திருக்கு பாருங்க! என்ன சக்தி!" என்று போன தடவை மேடம் குதித்த குதியில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது.

ஆபரேட்டர் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி மண்ணில் அழுத்தினார். தண்ணீர் வந்தது. கூடவே மண்ணும் வந்தது. அதைத் திருப்பி அப்பியதில் மேல்மண் களிமண் மாதிரி இறுகிவிட்டது.

மனைவிக்கு போன் போட்டார்.

"ஏம்மா, ஈர மண்ணைச் சட்டுனு காய வைக்கிறது எப்படி?"

"எதுக்குங்க?"

"கேள்வி கேக்காம சொல்லேன். என் வேலையே அதுலதான் இருக்கு."

"தலை காயவைக்கிற மெஷின் இருந்தா காட்டுங்க."

வரவேற்பறைப் பெண்ணிடம் ஒன்று இருந்தது. கெஞ்சி வாங்கிவந்து பத்து நிமிடம் காட்டினார். மண் அப்படியே இருந்தது. இலைகள் மட்டும் அப்பளமாகச் சுருண்டுவிட்டன. மறுபடி மனைவிக்கே போன் போட்டார்.

"செடி பொரிஞ்சுபோச்சும்மா!"

"உங்களை யாரு சூட்டுல வைக்கச் சொன்னது? சரி, போன் தண்ணில விழுந்தா என்ன பண்ணுவோம்? அரிசிக்குள்ள வைப்போம்ல?"

மூழ்குகிறவனுக்கு எதுவும் நல்ல யோசனைதான். கேன்டீனுக்கு ஓடி ஒரு வாளி அரிசி வாங்கிவந்தார். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறது, அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு, தொட்டியைக் கழுத்துவரை அரிசிக்குள் இறக்கினார். அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே நுழைந்தார்.

"செடி ஏன் அரிசிக்குள்ள உட்கார்ந்திருக்கு?"

"அது... ஆடாம இருக்கணும்னுதான் மேடம். அதிர்வு தாங்காது."

"ரொம்ப நல்ல யோசனை! உங்களை மாதிரி ரெண்டு பேர் இருந்தா போதும்!" என்று மேடம் நெகிழ்ந்துபோய்த் தோளில் தட்டினார். "தலைவர் முன்னாடியே வந்துட்டார். வாசலுக்கு வாங்க."

மேடம் திரும்பியதும் ஆபரேட்டர் தொட்டியைத் தூக்கினார். தொட்டி வழுக்கியது. பதறிப்போய்ச் செடியைப் பிடித்தார். தொட்டி அரிசியில் விழுந்தது, செடி கையில் இருந்தது. தண்டு பாதியில் ஒடிந்து, வேரோடு எந்த உறவும் இல்லாமல் இருந்தது.

பால்பாயிண்ட் பேனாவை மண்ணில் குத்தி, ஒடிந்த செடியை ரப்பர் பேண்டால் அதோடு கட்டி நிறுத்தினார். பார்ப்பதற்குக் காலொடிந்தவன் கட்டையூன்றி நிற்பதுபோல் இருந்தது. அறை வாசலில் தோட்டக்கார அக்கா துடைப்பமும் கையுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் பொழப்பே போயிடும்."

"நான் எதுக்கு தம்பி சொல்றேன்? நீங்க போங்க, தொட்டியை நான் மெஷின்ல வச்சுடறேன்."

வரவேற்பில் மேடம் பேசினார், பேசினார், முக்கால் மணி நேரம் பேசினார். ஆபரேட்டர் தலைவருக்குப் போட வேண்டிய மாலையைப் பிடித்தபடி மனசுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பிப்பதா, 'ஒரு தக்காளி காரணமாக' என்று உண்மையைச் சொல்லிவிடுவதா என்பதுதான் பாக்கி.

எல்லோரும் மெஷின் அறைக்கு வந்தார்கள். கனத்த கதவு ஏற்கெனவே மூடியிருந்தது. ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமி, சுற்றி, நின்றது. திரையில் மெல்ல மெல்லப் படம் எழுந்தது.

"சுருங்கிடுச்சு!" என்று மேடம் அலறினார்.

ஆபரேட்டர் கண்ணைத் திறந்தார். சுருங்கித்தான் இருந்தது! போன வாரம் தொட்டியெல்லாம் பரவிக்கிடந்த வேர் இன்று கைப்பிடியளவு. மண்ணும் பொலபொலவென்று, சேறில்லாமல், அவ்வளவு தெளிவு! சுடச்சுடக் காற்று வாங்கி, அரிசிக்குள் உட்கார்ந்து, இடுப்பொடிந்தும் ஒரு வேர் தன் கடமையைச் செய்திருக்கிறதே! ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு விஞ்ஞானத்தின்மேல் பக்தி வந்தது. கண்ணே கலங்கிவிட்டது.

தலைவர் கைதட்டினார். "அபாரம்! இன்னும் அஞ்சு வருஷம் நடத்துங்க. இந்த ஆபரேட்டரை உடனே நிரந்தரமாக்குங்க. இதை உலகம் பூரா போய்ச் சொல்லப்போறேன்!"

மேடம் அழுதார். ஆபரேட்டர் அவரைவிடச் சத்தமாக அழுதார்.

தலைவர் நல்ல மனிதர். கதவோரம் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நின்ற தோட்டக்கார அக்காவையும் விட்டுவிடவில்லை.

"தினமும் செடியைப் பக்கத்துல இருந்து பாக்கறது நீங்கதானே அம்மா? வேர் சுருங்கறதுக்கு முன்னாடி செடியில ஏதாவது அறிகுறி தெரியுமா?"

"தெரியாம என்ன சார், செத்துப்போயிடும்," என்றாள் அக்கா, "உடனே தம்பி வேலைக்கு ஆபத்து வந்துடக் கூடாதேன்னு நான்தான் ஓடிப்போய்ப் புதுசா ஒரு நாத்து வாங்கிட்டு வந்து நட்டு வச்சுடுவேன்."