எரிமலைக்கு முன்னால் நூறு சோடிச் சப்பாத்து

எரிமலையே இல்லாத சுவிஸில் எரிமலை படித்தவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும். "பிள்ளை, இஞ்சை எந்த மலை வெடிக்கப்போகுது?" என்று அம்மா கேட்காத நாளில்லை. "சனத்தைக் காப்பாத்திறதுதான் அம்மா என்ரை படிப்பு" என்பேன். (நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு!)

முதுமாணிப் படிப்பின் கடைசி ஆய்வு அது. எரிமலையில் குழம்பைவிட, சூடான சாம்பலும் வாயுவும் சேர்ந்து சரிவில் பாய்வதுதான் ஆளை விழுங்கும். அதோடு ஓட்டப்பந்தயம் வைக்க முடியாது. அது புறப்படுமுன் சனம் புறப்பட வேண்டும். எச்சரித்து ஐந்து நிமிடத்தில் ஒரு மண்டபத்தைக் காலியாக்கும் திட்டம் என்னிடம் இருந்தது. அது நேரில் பலித்தால் கலாநிதிப் பட்டத்துக்கு என்னை எடுப்பதாகப் பேராசிரியர் சொன்னார். எனக்கு வேறு கனவே இருக்கவில்லை.

ஒத்திகைக்கு ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் கலைமகள் விழாவைத் தேர்ந்தெடுத்தேன். கதவுகளை அளந்தேன், கதிரைகளை எண்ணினேன், தரையில் அம்புக்குறி ஒட்டினேன். பேராசிரியரும் வாசலில் மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, கைத்தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டார்.

பள்ளிப் பொறுப்பாளர் குணம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். "மலை வெடிக்கப்போகுதாம். ஒருத்தரும் பதறாதேங்கோ, எல்லாரும் வெளியில போங்கோ. திரும்பி வந்து மோதகம் சாப்பிடலாம்."

சனம் எழுந்தது. தள்ளுமுள்ளு இல்லாமல், அம்புக்குறி வழியே, ஒரே நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டது. நான் மனதுக்குள் பட்டமே வாங்கிவிட்டேன்.

வாசலில் எல்லாரும் நின்றார்கள். சாமி படம் வைத்த மண்டபம். நூறு சோடிச் சப்பாத்து வழியை அடைத்துக் குவிந்து கிடந்தது. (என்னுடையதையும் அதன் மேல்தான் எறிந்திருந்தேன். கதவை அங்குலம் அங்குலமாக அளந்த மேதையின் கண்ணில் அது படவில்லை.)

"இது என்ரை இல்லை!"

"இடதுகால் மட்டும்தான் கிடக்கு!"

ஒரு மாமா படியில் குந்தி, ஆறுதலாக நாடா கட்டத் தொடங்கினார்.

"சப்பாத்தை விடுங்கோ! வெறுங்காலோட ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

"வெளியில மழை, பிள்ளை. தடிமன் வந்தால் ஆர் பாக்கிறது?" என்றார் அம்மா.

ஐந்து நிமிடம் முடிந்தபோது வெளியே நின்றவர் ஒரே ஒருவர், என் அப்பா. காலுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடியிருந்தார். "அவராவது தப்பிவிட்டார்" என்று பேராசிரியருக்குப் பெருமையோடு காட்டினேன். பேராசிரியர் தன் காலுறையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் காலைப் பார்த்தார்.

"அது என்னுடைய சப்பாத்து" என்றார்.

கலாநிதிப் படிப்புக்கான இடம் வேறொருவருக்குப் போனது. "கதவுகளை அளந்தாய், மனிதரை மறந்தாய்" என்று அவர் அறிக்கையில் எழுதியிருந்தார். ஒரு வாரம் அழுதேன். அவர் எழுதியது உண்மை என்பதுதான் கூடுதலாக வலித்தது.

ஆனால் எங்கள் சனம் பாடம் படித்துவிட்டது. போன வருடம் லாங்கன்தாலில் எனக்குக் கல்யாணம். தாலி ஏறியதும் நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசை முழுக்க மடியில் ஆளுக்கொரு பை. (பரிசு என்றுதான் நினைத்தேன்.) என் மாப்பிள்ளையும் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

குணம் அண்ணை தன் பையை உயர்த்திக் காட்டினார். "சப்பாத்து, தம்பி. உங்கட மனுசி கத்தினால் நாங்கள் உடனை வெளிக்கிட ஆயத்தம்."