ஊறுகாய் போட்ட துப்பாக்கி

ஒரு காலத்தில் நான் துப்பாக்கி வைத்திருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நம்பவைக்க எனக்கும் தெம்பில்லை. துப்பாக்கி என்றதும் வேட்டை, ஜீப்பு, மீசை என்று கற்பனை செய்துகொள்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு மாடு வளர்ப்பதைப் போன்ற வேலை. தினம் கவனிக்கவேண்டும். மாடாவது பால் கொடுக்கும்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். மரக்காணம் உப்பளத்தில் எனக்கு சூப்பர்வைசர் உத்தியோகம். பேர் பெத்த பேர்தான். விடியற்காலையில் போய், பாத்தியில் உப்பு வாருகிறவர்களை நின்று பார்த்து, வெள்ளை வெயிலில் கண் கூசி, சாயங்காலம் வெடித்த காலோடு திரும்பவேண்டும். என் சைக்கிளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு செயின் மாற்றுவேன். எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பு என்றால் அவ்வளவு ஆசை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் ‘இது உனக்குத் தெரியாதாய்யா?’ என்று கேட்பீர்கள். தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த ஊரில் கிடையாது.

வினை, சகலை வேலாயுதம் வாங்கிய மோட்டார் சைக்கிளில் ஆரம்பித்தது. கிளியனூர்ப் பக்கம் என் மாமனாருக்கு மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலை என்று சொன்னால் அங்கே உங்களை வெளியூர் என்பார்கள்). பெரிய மாப்பிள்ளை வேலாயுதம் வண்டியில் வந்து இறங்கினால் தெருவே திரும்பும். மாமனார் எழுந்து வாசலுக்குப் போவார். நான் பஸ்ஸை விட்டிறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, வியர்வையோடு போய் நிற்பேன். “வாங்க மாப்ள” என்பார். உட்கார்ந்தபடியேதான். மரியாதைக் குறைவு என்று சொல்லமுடியாது. முழங்கால் வலி என்றும் சொல்லமுடியாது, ஏனென்றால் வேலாயுதத்துக்கு அதே முழங்கால்தான் எழுந்தது.

மோட்டார் சைக்கிள் வாங்க எனக்கு வக்கில்லை. யோசித்து யோசித்து, துப்பாக்கி வாங்கினேன். (சிரிக்காதீர்கள். இருபத்தெட்டு வயதில் மூளை அப்படித்தான் வேலை செய்தது.) என் மனைவி லோகுவுக்குக் கல்யாணச் சீதனமாக, மஞ்சக்காணி என்று எழுதிவைத்த அரை ஏக்கர், மாமனார் கொல்லையை ஒட்டியே இருந்தது. அதைக் காட்டி, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்சுக்கு எழுதிப்போட்டேன். அதற்காக நான் ஏறி இறங்கிய படிகளை நேராக அடுக்கினால் செஞ்சிக் கோட்டைக்கே ஏறியிருக்கலாம்.

மெட்ராசில் ஒரு துப்பாக்கிக் கடையில், இருப்பதிலேயே மலிவானதைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் ஒரு சின்ன ரைபிளை எடுத்து வைத்தார். குட்டையானது, கனமில்லாதது. பின்பக்கத்தில் கைப்பிடி வைத்த ஓர் இரும்பு உருளை; போல்ட் என்றார். அதைப் பின்னால் இழுத்துத் தோட்டாவைப் போட்டு, முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கினால் சுடத் தயார். வேண்டாத நேரத்தில் போல்ட்டை முழுசாக உருவி எடுத்துவிடலாம். அப்புறம் அது வெறும் தடிதான், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஏற்றது என்றார். பன்றிக்குத் தாங்குமா என்று கேட்டேன். முயலுக்குத் தாங்கும், பன்றிக்குக் கோபம் வரும் என்றார். நான் விலையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

வாங்கிவந்த முதல் மாதம் தினமும் துடைத்து எண்ணெய் போட்டேன். உப்பளத்திலிருந்து திரும்பிய அலுப்போடு, துணியும் எண்ணெயுமாக உட்காருவேன். பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி போட்டே லோகு ஓய்ந்துபோனாள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “எதுனா சுட்டீங்களா?” இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது. இரண்டாவது மாதம் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய். மூன்றாவது மாதம் எங்கள் பெண் தவழ ஆரம்பித்தாள். இந்தச் சனியனை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக அடுப்படியில் நிற்பது என்று லோகு கேட்டாள். நியாயம்தான். நான் போல்ட்டை உருவி அவள் கையில் கொடுத்து, நீயே பத்திரமாக வைத்துக்கொள் என்றேன். ரைபிளைப் பரண்மேல் போட்டேன். உண்மையைச் சொன்னால், பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம், அந்த போல்ட் எங்கே என்று நான் கேட்கவில்லை. இடையில் சில நாள் குழம்பில் ஏதோ மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. சொன்னேன். உங்கள் நாக்குக்கு எப்போது பார்த்தாலும் ஒரு குறை என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உப்பளத்திலிருந்து வீட்டுக்குள் நுழைகிறேன், மாமனார் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவை.

“மாப்ள, பன்னித் தொல்ல தாங்க முடியல. மல்லாட்டைய நோண்டி நோண்டித் துன்னுது. வைகாசில பூங்காவனத்துக்குக் கல்யாணம். இந்த வெள்ளாமைய நம்பித்தான் நாள் குறிச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம துப்பாக்கியோட வந்துடுங்க.”

பூங்காவனம் என் மச்சினி, அவருடைய கடைசிப் பெண். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பன்றி மிஞ்சாது மாமா என்று சொன்னேன். அதை இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

மறுநாள் சாயங்காலம் லோகுவிடம் போல்ட்டைக் கேட்டேன். அவள் நேராக அடுக்களை மூலைக்குப் போய், இடுப்புயரப் பீங்கான் ஜாடியின் மூடியைத் திறந்து, முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினாள். அது வருஷத்துக்கான கல்லுப்பு ஜாடி.

“உப்புலயா வச்ச?”

“ஆமா. கொழந்தைக்கு எட்டாது. மரக்காணத்துல எந்தத் திருடன் உப்பு ஜாடியத் தொடுவான்?” என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உப்புல வச்சது எதுனா கெட்டிருக்குதா?” என்றாள்.

எங்கள் ஊரில் கெடக்கூடாது என்று நினைத்தால் எதையும் உப்பில்தான் போடுவோம். மீன், மாங்காய், நார்த்தங்காய், எலுமிச்சை. அந்த வரிசையில் என் துப்பாக்கியையும் சேர்த்திருந்தாள். வேறு ஊர்க்காரி என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பாள். இவளோ கணவன் கொண்டுவந்த உப்பை அவ்வளவு நம்பினாள்.

துணிப் பொட்டலம் வெளியே வந்தது. பிரிக்கமுடியவில்லை. துணியும் இரும்பும் உப்பும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. சுற்றிலும் இருந்த உப்பு செங்கல் நிறம். சமையலுக்கு எடுத்துவைக்கும் சின்ன ஜாடியை எதிலிருந்து நிரப்புகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது மாதமாக நான் என் துப்பாக்கியைக் குழம்பில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெய், செங்கல் தூள், தேங்காய் நார் என்று ஞாயிறு காலை முழுக்கத் தேய்த்தேன். கை எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் போல்ட் ரைபிளுக்குள் பாதி நுழைந்தது. அதற்குமேல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நேரில் போய் மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். சத்தியமாக. பெட்ஷீட்டில் ரைபிளைச் சுற்றி, லோகுவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சரிபார்த்துக்கொண்டே போனேன்.

போய் இறங்கினால் தெருவில் கூட்டம். மாமனார் எனக்காக நாற்காலி போட்டிருந்தார். வேலாயுதமும் வந்திருந்தார், அவர் நின்றுகொண்டிருந்தார். மோர் வந்தது. மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டாள். பூங்காவனம் கதவோரம் நின்று என்னைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவன், தயார்செய்துவந்த வார்த்தைகளையெல்லாம் மோரோடு சேர்த்து விழுங்கினேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு எல்லாரும் கொல்லைக்குப் போனோம். மற்ற நாளில் ஆட்கள் வரப்பு முழுக்க நின்று தகர டின்னைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு மாமனார் அவர்களை நிறுத்திவிட்டார். “தகரம் தட்ட வாணாம். மாப்ள பாத்துக்குவாரு.” தட்டுகிறவர்கள் தட்டட்டுமே மாமா, ஒரு பழக்கத்துக்கு என்று முனகிப் பார்த்தேன். தகரம் தட்டினால் பன்றி எப்படி வரும் என்று கேட்டார். வாயைத் திறந்து ‘துப்பாக்கி சுடாது’ என்று மூன்றே மூன்று சொல் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்தான் என்கிறீர்களா? பாருங்கள், இன்றைக்கும் அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு எண்ணிக்கை தப்புகிறது.

கொல்லை ஓரத்தில் ஆளுயரத்துக்குக் கட்டிய காவல் பந்தலில் நான், மாமனார், வேலாயுதம். பனைமர வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பன்றி வந்தது. பின்னாலேயே குட்டியும் குடும்பமுமாக ஏழெட்டு. தகரச் சத்தம் இல்லாத கொல்லையை அவை முதல் தடவையாகப் பார்க்கின்றன போலும், அவசரமே படவில்லை. நடுக்கொல்லைக்கு வந்து நிதானமாக உழ ஆரம்பித்தன.

“சுடுங்க மாப்ள” என்று மாமனார் கிசுகிசுத்தார்.

நான் போல்ட்டை இழுத்தேன். தள்ளினேன். முழங்காலில் வைத்து அழுத்தினேன். மாமனார் ஒருமுறை என் கையையும் ஒருமுறை கொல்லையையும் பார்த்தார். கடைசியில் பந்தலில் கிடந்த ஒரு கல்லை எடுத்து போல்ட்டின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தத்துக்குப் பெரிய பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்துகொண்டது. ஒரு செடி, இரண்டு செடி, ஒரு வரிசை. பூங்காவனத்தின் கல்யாணத்தை என் கண்ணெதிரே தின்றுகொண்டிருந்தன.

வேலாயுதம் சட்டென்று எழுந்தார். பந்தலிலிருந்து குதித்து வண்டிப்பாதைக்கு ஓடினார். ஒரே உதை. மோட்டார் சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அழுத்தியபடி, வரப்போரமாகவே கொல்லையைச் சுற்றி வந்தார். பன்றிகள் வந்த வழியே விழுந்தடித்து ஓடின. எந்த வண்டிக்குப் போட்டியாக நான் துப்பாக்கி வாங்கினேனோ, அந்த வண்டி என் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டது.

மாமனார் இறங்கிப்போய் கிளறிக் கிடந்த மண்ணில் குந்தி, மிஞ்சிய காய்களைப் பொறுக்கித் துண்டில் போட்டார். நாலு பாத்தி போய்விட்டிருந்தது. பிறகு கையை நீட்டினார். ரைபிளைக் கொடுத்தேன். போல்ட்டை நகத்தால் சுரண்டி, அந்தத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு” என்றார்.

அதற்குள் வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு லோகு நிற்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை நீட்டி அவளைக் காட்டினேன். “ஒங்க பொண்ணுதான் மாமா உப்பு ஜாடில போட்டு வச்சா.”

லோகு தலையைக் குனிந்துகொண்டாள். மாமனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“போட்டு வச்சது எம் பொண்ணுதான். ஒம்போது மாசமா எடுத்துப் பாக்காதது யாரு மாப்ள?”

வெட்கமாக இருந்தது. சுடாத துப்பாக்கியைத் தூக்கிவந்ததற்குக்கூட இல்லை. அந்த விரலை நீட்டினேனே, அதற்கு. லோகு என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதும், அந்தச் செங்கல் நிற உப்பைக் கொட்டிவிடவா வேண்டாமா என்று கேட்கத்தான்.

வேலாயுதம் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அறுவடை வரைக்கும் அங்கேயே தங்கி, தினம் பொழுது சாயும்போது வண்டியில் கொல்லையைச் சுற்றினார். ஆட்களும் தகரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வெள்ளாமை தப்பியது. அடுத்து வந்த தேர்தலுக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தவன், பிறகு லைசென்சையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து அன்றைக்குத் தூங்கியதுபோல ஒருநாளும் தூங்கியதில்லை.

குறித்தபடி அந்த வைகாசியிலேயே பூங்காவனத்துக்கு நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. முதல்நாள் மாமனார் எல்லாரையும் உட்காரவைத்து வேலை பிரித்தார். மாப்பிள்ளை அழைப்பு வேலாயுதத்துக்கு. எனக்கு எதுவும் தரமாட்டார் என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடி, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் சொன்னார்: “பந்தில எலைக்கு உப்பு வைக்கிறது சின்ன மாப்ள.” கூடம் முழுக்கச் சிரித்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு லோகுவும் அன்றைக்குத்தான் சிரித்தாள். அவள் சிரித்ததும் நான் எழுந்துபோய் உப்புச் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் உப்பு என் பொறுப்பு. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டியை யாரும் என் கையிலிருந்து வாங்கவில்லை. போன வருஷம் என் பேத்தி கல்யாணம். முட்டி வலி, குனிந்தால் நிமிரமுடியவில்லை. இன்றைக்காவது உட்காரலாம் என்று பார்த்தால், லோகு சட்டியைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். முதல் பந்தியில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். மோட்டார் சைக்கிளை விற்று எத்தனையோ வருஷமாகிறது, இப்போது கைத்தடி. அவர் இலை ஓரத்தில் உப்பை வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

“வெள்ளையாத்தான் இருக்குது. பயப்படாம சாப்புடுங்க” என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்.

அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர். என்ன விஷயம் என்று கேட்டார். வேலாயுதம் சொல்ல ஆரம்பித்தார். நான் அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.