டோரீனுக்குக் கழித்த திருஷ்டி

ஒரு விஷயம் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லும் நல்ல பழக்கம் முப்பது வயது வரைக்கும் என்னிடம் கிடையாது. யாராவது எதையாவது விளக்க ஆரம்பித்தால், பாதியிலேயே "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று சொல்லிவிடுவேன். அந்த வியாதி லண்டனில் ஒரு ஹாலோவீன் அன்று, ஏறக்குறைய நாற்பது பேர் முன்னிலையில் குணமாகத் தொடங்கியது.

அப்போது மோர்டனில் ஒரு வீட்டில் அன்ரன் அண்ணனோடு குடியிருந்தேன். அன்ரன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், சூப்பர் மார்க்கெட்டில் ஷிப்ட் பார்ப்பவர். நான் திருச்சியிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பத்து மாதத்துக்குள் பக்கத்து வீட்டு டோரீன் அம்மையார் எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு முறை புகார் எழுதியிருந்தார். முதல் புகார், ஜனவரி மாதத்தில் நான் விடியற்காலை வாசல் தெளித்தது. (தண்ணீர் உறைந்து, தபால்காரர் எங்கள் வாசலிலிருந்து அவர் வாசல் வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.) இரண்டாவது, நான் மிளகாய் தாளித்ததில் புகை அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டிலும் குற்றவாளி ஒருவனே என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

மூன்றாவது புகார் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். லண்டனில் வீடு கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அன்ரன் அண்ணனுக்குத் தெரியும். அதனால் ஹாலோவீனை வைத்தே டோரீனைச் சமாதானப்படுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

"தெருவில எல்லாரும் கொண்டாடுகினம். நாங்களும் சேருவம். மனிசி மனம் மாறும்."

"ஹாலோவீன்னா என்னண்ணே?"

"பேய் பிசாசு அண்டாமல் இருக்கிறதுக்குத்தான். பூசணிக்காயில பயங்கரமா ஒரு முகம் வெட்டி, உள்ளுக்க விளக்குக் கொளுத்தி, வாசலில வைக்கிறது. பிறகு…"

"புரிஞ்சுதுண்ணே!" என்றேன்.

எனக்கு உண்மையிலேயே புல்லரித்துவிட்டது. பூசணிக்காய், அரக்கன் முகம், நெருப்பு, வாசல். ஆயுத பூஜைக்கு எங்கள் அப்பா கடை வாசலில் செய்வதை அப்படியே இவர்களும் செய்கிறார்கள்! நம்மிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் பாருங்கள் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். (நிறம் மட்டும்தான் இடித்தது. பரங்கியர் ஊரில் பரங்கிக்காய்தானே கிடைக்கும் என்று அதையும் நானே சரி செய்துகொண்டேன்.) அந்த "பிறகு"வுக்குப் பின்னால் அண்ணன் சொல்ல வந்தது, பிறகு நடுவர் வந்து எல்லாப் பூசணியையும் பார்த்துப் பரிசு கொடுப்பார் என்பது.

ஹாலோவீன் அன்று மாலை ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் வேடம் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்தினால் பேய் வேடம் ஆகிவிடும் என்றார்கள்; என்னிடம் இருந்த ஒரே வெள்ளைத் துணி, அம்மா கொடுத்தனுப்பிய எட்டு முழ வேட்டி. அதில் கண்ணுக்கு ஓட்டை போட மனம் வரவில்லை. அதனால் வேட்டியை வேட்டியாகவே கட்டிக்கொண்டு, முகம் முழுக்க விபூதியை அப்பிக்கொண்டேன். ஜரிகைக் கரை வைத்த பேயை மோர்டன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

டோரீன் வெள்ளை கவுனும் முக்காடும் போட்டுக்கொண்டு பேய்க் கல்யாணப்பெண்ணாகத் தன் வாசலில் நின்றிருந்தார். எழுபது வயதிலும் அழகாகத்தான் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அதோடு, தன் பூசணி கனமாக இருக்கிறது, சமையலறையிலிருந்து கொஞ்சம் எடுத்து வர முடியுமா என்றும் கேட்டார். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"தம்பி, போய்த் தூக்கிக்கொண்டு வாடா. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

போனேன். பூசணிக்காயில் ஒரு தேவாலயம், பறக்கும் வௌவால்கள், நடுவில் பல்லைக் காட்டும் ஒரு முகம், அத்தனையும் நுணுக்கமாக வெட்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் குங்குமமும் இல்லை, காசும் இல்லை. பாவம், இவர்கள் குங்குமத்துக்கு எங்கே போவார்கள் என்று இரக்கப்பட்டு, பூஜைக்கு வாங்கி மிச்சம் இருந்த குங்குமப் பொட்டலத்தை எங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்து முழுவதையும் கொட்டினேன். சில்லறையும் போட்டேன். விளக்கு அழகாக எரிந்தது.

வெளியே வந்ததும் கூட்டம் "ஆஹா" என்றது. டோரீன் பெருமையோடு முன்னால் வந்து நின்றார். நம்மை நம்பி ஒரு பெரிய காரியத்தை ஒப்படைத்திருக்கிறார், முறைப்படி செய்துவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவருக்கு முன்னால் பூசணிக்காயை வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று சுற்றினேன். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு" என்று உரக்கச் சொன்னேன். கூட்டம் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தது. டோரீன் கைகூட தட்டினார். கடைசியாக, தலைக்கு மேலே தூக்கி, நடுத்தெருவில் ஒரே போடாகப் போட்டேன்.

குங்குமம் நான் எதிர்பார்த்ததைவிட அதிக தூரம் போனது. கல்யாணப்பெண்ணின் வெள்ளை கவுன் இடுப்புக்குக் கீழே சிவப்பாகிவிட்டது. சின்னச் சின்னப் பேய்கள் ஓடிவந்து சில்லறை பொறுக்கின. எங்கள் நண்பர்களும் தெரு முனையில் நின்றவர்களும் விசிலடித்துக் கைதட்டினார்கள். நானும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு லேசாகக் குனிந்து வணக்கம் சொன்னேன். அப்போது கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு கனவான் முன்னால் வந்து, போட்டிக்கு வந்த பூசணி எங்கே என்று கேட்டார்.

அன்ரன் அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"உனக்கென்ன விசரே? என்னடா செய்தனீ?"

"திருஷ்டி கழிச்சேண்ணே."

"மூண்டு நாளா இருந்து குடைஞ்சவடா அந்த மனிசி!"

"உடைக்கத்தானேண்ணே குடையிறது?"

"நீத்துப்பூசணி உடைக்கிறது எனக்கும் தெரியும். இது உடைக்கிறதில்லையடா, பாக்கிறது!"

டோரீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் அண்ணனும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெருவைத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு அடுத்த மூன்று வீடுகளுக்கும் பரவியது.

மறுநாள் காலை இரண்டு பேரும் அவர் வாசலில் போய் நின்றோம். "வாயைப் பொத்திக்கொண்டு நில். நான் கதைக்கிறன்," என்றார் அண்ணன். கதவைத் திறந்த டோரீன் கையில் எழுதி முடித்த கடிதம் ஒன்று இருந்தது. யாருக்கு என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அண்ணன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டி, இது எங்கள் பக்கத்து வழக்கம், பிறர் கண் பட்டால் கெடுதல் வரும், அதைப் போக்கத்தான் இந்தப் பையன் அப்படிச் செய்தான் என்று விளக்கினார். யாருடைய கண் என்று டோரீன் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பழக்கதோஷம், "எதிர் வீட்டில் இருக்கிறவர்கள் உங்கள் பூசணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று வந்துவிட்டது.

டோரீன் தெருவுக்கு அந்தப் பக்கம் நிதானமாகப் பார்த்தார். ஐந்து வருடமாக முதல் பரிசு எதிர் வீட்டுக்குத்தான் போகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, அடுத்த வருடம் எதிர் வீட்டுப் பூசணிக்கும் இதே மரியாதையைச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

செய்யவில்லை. ஆனால் அந்த வீட்டில் மேலும் ஆறு வருடம் இருந்தோம், எனக்குக் கல்யாணமும் அங்கேயே ஆனது. கல்யாணத்துக்கு வந்த டோரீன் நடந்த கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டார், மனைவி மகளிடம் சொல்லிவிட்டாள். போன மாதம் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி, தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தேன். மேசையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியதால், மறுபக்கமாகச் சுற்றி வந்து வைக்கலாம் என்று மகளுக்கு முன்னால் லேசாக வலப்பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். "அப்பா, சுத்தாதீங்க!" என்று அவள் அலறினாள். அன்ரன் அண்ணன் ஓடிவந்து கேக்கைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளை கவுனில் வந்திருந்த டோரீன், நான் திரும்புவதற்கு முன்பே சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தார்.