பென்ட்சிலின் சூரிய உரை

"இனி இந்த வீடு எவன் தயவையும் எதிர்பார்க்காது" என்று தன் வீட்டுச் சூரிய மின்சாரத் திறப்பு விழாவில் பென்ட்சில் முழங்கிய நேரம் பார்த்து மைக் செத்தது.

கூரையில் சூரியத் தகடு மாட்டிய ஜோஜோ மேடைக்கு வந்து காதைக் கடித்தான். "ஐயா, தெருவுலயே கரண்ட் இல்ல."

"இல்லாட்டி என்னப்பா? வெயில் மண்டையப் பொளக்குதே, தகட்டுலேர்ந்து எடு."

"லைன்ல கரண்ட் இருந்தாத்தாங்க நம்மளதும் ஓடும். அது போனா இதுவும் படுத்துரும். பாட்டரி வச்சுக்கலாம்னேன், கேட்டீங்களா?"

கானா நாட்டுத் தகோராடியில் கரண்ட் போவது யாருக்கும் செய்தியல்ல. ஆனால் பந்தலில் பாதிரியார், பாடகர் குழு, சம்பந்தி வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கடையில் மனைவி அரபாவின் குளிர்பெட்டிகள் நிறைய மீன். அது கெட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

கரண்ட் வரும்வரை கூட்டத்தைக் கலையவிடக் கூடாது என்று முடிவு செய்த பென்ட்சில், வெறுந்தொண்டையில் பேச்சை நீட்டினார். ஆண்டவர் சூரியனைப் படைத்ததில் ஆரம்பித்து, துறைமுகத்தில் தனக்குக் கிடைத்த பதவி உயர்வுவரை வந்துவிட்டார். கரண்ட் வரவில்லை.

அரபா மேடையோரம் வந்தாள். "பெரிய மனுசரே, மீன் தண்ணி விடுது."

"பேசிக்கிட்டிருக்கேன்ல, கொஞ்சம் பொறு."

"உங்க பேச்சு பெட்டியக் குளிர வைக்குமா?"

மூச்சு வாங்குவதற்காகப் பாடகர் குழுவை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். அவர்கள் ஆறு பாடினார்கள். அதற்குள் மீன் வாடை பந்தலுக்கு வந்து சேர்ந்தது. சம்பந்தியம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அரபா அதற்குமேல் பொறுக்கவில்லை. தட்டுத் தட்டாக மீனைப் பந்தலுக்கே கொண்டுவந்து, "பாதி வெல, பாதி வெல" என்று கூவினாள். நாற்காலிகள் மேடைக்கு முதுகு காட்டின. வரிசையில் முதலில் நின்றவர் பாதிரியார்.

பென்ட்சிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. குரலை உயர்த்தி, மறுபடி ஆண்டவரிடமிருந்தே ஆரம்பித்தார்.

கடைசி மீனும் விற்றுப்போனபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "இத்துடன்... முடித்துக்கொள்கிறேன்."

ஒரே ஒருவர் கைதட்டினார். அப்போதுதான் வாசலுக்கு வந்த மின்சார அலுவலக லைன்மேன்.

"அப்பாடா, முடிச்சுட்டீங்களா ஐயா? உங்க பேச்சு முடிஞ்ச பெறகுதான் தகட்டுக்கு இணைப்புக் குடுக்கணும்னு ஆபீசுல கறாரா சொல்லிட்டீங்களாம், அதான் தெரு லைன நிறுத்திப்புட்டு இவ்வளவு நேரமும் கம்பத்து மேலயே உக்காந்திருந்தேன்."