தண்ணீரை எழுப்பாத மனிதர்

பூவரசங்குளம் பக்கம் இவரைப் போல ஒரு கிறுக்கர் கால் வைத்ததில்லை. இனி வந்தாலும் நான் உள்ளே விடமாட்டேன். நிலத்தடி நீருக்கு வரைபடம் போட வந்த அதிகாரி. ஊருக்கு அவர் ‘மெதுவா ஐயா’.

வாசல் படலையிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போவார். முதல் நாள் நான் கால் கழுவ வாளியைத் தொப்பென்று கிணற்றில் போட்டேன். மனிதர் பதறிப்போனார்.

“மெதுவா தம்பி, மெதுவா! கீழ தண்ணி நித்திரை.”

“எழும்பினா என்ன, தேத்தண்ணி கேக்குமோ?”

“பூட்டன் காலத்து மழை தம்பி அது. கனவில நடக்கிற மாதிரி மண்ணுக்குள்ளால போகுது.”

சொல்லிவிட்டுக் கிணற்றுக்கட்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்தால் கேத்தலில் கல்லாகப் படியும். அத்தானுக்குச் சிறுநீரக வருத்தம். குடிக்கிற தண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் நிரப்பி அக்கா சைக்கிளில் கட்டி உழக்குகிறாள். வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை, இந்தச் சின்னத் தெரு, கெட்ட தண்ணீர் என்று சிவப்பாக விழுந்தால்தான் குழாய் வரும். இவரானால் தாலாட்டுக் கேட்கிறார்!

அதிகாரியைத் தண்ணீர் அள்ள விட எங்கள் பெண்கள் சம்மதிப்பார்களா? கதிரையில் இருத்தி, செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் வீட்டுக்கு வீடு கருவியைச் செம்புக்குள் விட்டுப் பார்த்து, ஒரு வாய் குடித்து, “அமிர்தம்” என்று மயங்கினார்.

வரைபடம் வந்தது. ஒழுங்கை முழுக்க நீலம். நல்ல தண்ணீராம்!

அடுத்த முறை வந்தவரை மறித்தேன். “அமிர்தத்தில ஒருக்கா முழுகுங்கோ பாப்பம்!”

மறுபேச்சில்லாமல் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். சவுக்காரம் தேய்ந்ததே தவிர நுரை வரவில்லை. தலைமயிர் தும்புத்தடி போல விறைத்து நின்றது. அப்படியே அக்காவைப் பார்த்தார்.

“பிள்ளை, அண்டைக்கு எனக்குத் தந்தது எந்தத் தண்ணி?”

“சந்தியில நிரப்பின கான் தண்ணி ஐயா. வீட்டுக்கு வந்த ஆளுக்கு எங்கட உவர்த்தண்ணியைக் குடுக்கிறதோ? வெக்கமெல்லோ!”

ஒழுங்கை முழுக்க அதே மரியாதைதான் நடந்திருந்தது.

“உன்ர வெக்கம் அத்தானைக் கொல்லப்போகுது!” என்று கத்தினேன். அக்கா அழுதாள்.

“மெதுவா தம்பி,” என்றார் அவர். “நித்திரையில இருந்தது தண்ணியில்லை, நான்தான்.”

ஈரச் சாரத்தோடேயே புறப்பட்டார். பெண்கள் செம்போடு ஓடிவர, கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். ஒவ்வொரு கிணற்றிலும் தானே அள்ளினார், வாளியைக் குழந்தையைப் போல இறக்கி. வரைபடத்தில் ஒழுங்கை சிவந்தது.

குழாய் வந்துவிட்டது. அத்தான் இருக்கிறார். மெதுவா ஐயாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாருடைய நித்திரையைக் காவல் காக்கிறாரோ தெரியாது.

குளிப்பதற்கு இன்னும் கிணறுதான். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன்.