‘இது சிறுகதையே அல்ல’ என்ற தங்கள் குறிப்புத் தொடர்பாக

தேற்றாத்தீவு,
மாசி மாதம், 1997.

பெருமதிப்புக்குரிய ‘தோணா’ இதழாசிரியர் வினாயகமூர்த்தி ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் குறைவின்றி இருக்கக் கண்ணகை அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கு நானும் மனைவி சீதேவிப்பிள்ளையும் சுகம். எனது அடையாள அட்டை மட்டும் என்னிடம் இல்லை. அது துறையடி இராணுவச் சோதனைச் சென்றியில் ஒரு கோப்ரலின் சட்டைப் பையில் இருக்கிறது. அது அங்கே போனதற்குத் தாங்களே காரணம் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

தங்கள் இதழில் ‘இளம் எழுத்தாளருக்குச் சில யோசனைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் கூட்டுறவுக் கடை மனேஜராக இருந்து இளைப்பாறியவன். வயது அறுபதைத் தாண்டினாலும் எழுத்தில் கைக்குழந்தை என்பதால் என்னை உத்தேசித்தே எழுதினீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். மக்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றீர்கள். பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை மருமகனை ஏசத் தொடங்கினால் அவளை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆளில்லை, ஆகவே வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்து காது கொடுத்தேன். அவள் ஏச்சை நிறுத்திவிட்டு, “மனேஜர், ஆருக்குப் போய்ச் சொல்றதுக்கு இதக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?” என்றாள். இந்தச் சண்டைக் காலத்தில் அப்படி ஒரு கேள்வி ஒரு தடவை எழுந்தால் போதும். அன்றிலிருந்து நான் சந்திக்கு வந்தால் சனம் மழையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மழையைப் பற்றி எனக்கு இப்போது நிறையத் தெரியும்.

அதோடு விட்டேனா? அந்தந்த மண்ணின் மொழியில் எழுதுங்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள். தாங்கள் பட்டணத்தில் இருப்பவர், தெரியுமோ என்னவோ, எங்கள் களவெட்டியில் எருமைகளை விட்டுக் கதிர் உழக்கிச் சூடு மிதிக்கும்போது நெல்லை நெல் என்றோ மாட்டை மாடு என்றோ வாய்விட்டுச் சொல்லமாட்டோம். சொன்னால் பூதம் கேட்டு வந்து விளைச்சலை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் களத்துக்கென்றே வேறு பெயர்கள் உண்டு. நெல் பொலி. எருமை வாரிக்காலன். சாக்கு பெருவாயன். வைக்கோல் கிளறும் கம்பு வேலைக்காரன். இதைவிட மண்ணின் மொழி எங்கே கிடைக்கும் என்று முழுக் கதையையும் அதிலேயே எழுதி, முதற் பக்கத்தில் சொற்களுக்கு விளக்கமும் கொடுத்திருந்தேன். பிறகு, ‘முதற் பக்கத்தைத் தயங்காமல் கிழித்தெறியுங்கள், கதை அநேகமாக இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது’ என்ற தங்கள் யோசனையைக் கண்டேன். தயங்காமல் கிழித்தேன். சீதேவிப்பிள்ளை அதை வைத்து அடுப்பு மூட்டினாள்.

மிச்சத்தைத் தங்களுக்கு அனுப்பினேன். ‘இது சிறுகதையே அல்ல’ என்று சிவப்பு மையில் எழுதி முத்திரையும் குத்தித் திருப்பி அனுப்பினீர்கள். மனம் நொந்தது உண்மை. ஆனாலும் கதை நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து திருத்துங்கள் என்பதும் தங்கள் யோசனைதானே? எங்கள் வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டையில் இருக்கிறது. கதையைப் பைக்குள் வைத்துக்கொண்டு துறைக்குப் போனேன். சென்றியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். கோப்ரலுக்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், வாசிக்க வராது. வரிசையில் எனக்குப் பின்னால் காத்தான்குடிப் பிடவை வியாபாரி பாறூக் நின்றார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். கதையின் முதல் வரிகளைத் தங்களுக்கு நினைவூட்டுகிறேன்:

‘வாரிக்காலன்கள் நால்வரும் பொழுது சாயும்போது இறங்கினார்கள். வேலைக்காரன் ஓயாமல் கிளறினான். பெருவாயன் வாய் நிறைந்தது. பூதம் மோப்பம் பிடிக்கும் முன் எல்லாரும் ஆற்றைக் கடந்தார்கள்.’

இந்த நாலு வரியை மொழிபெயர்ப்பதற்குள் பாறூக்குக்கு வியர்த்துவிட்டது. ஆமிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எல்லாவற்றையும் விளக்காதீர்கள், வாசகன் கண்டுபிடிக்கட்டும் என்று எழுதியிருந்தீர்களே ஐயா, வாசகன் கண்டுபிடித்தான். யார் இந்த நாலு பேர் என்று கோப்ரல் கேட்டார். எருமை என்றேன். பெருவாயன்? சாக்கு. “மாடு எண்டா மாடு எழுது. ஏன் வேற பேர்?” என்றார். பூதத்துக்குத் தெரியாமலிருக்க என்று பாறூக்கின் பக்கம் திரும்பிச் சொன்னேன். அந்த இடத்தில் பாறூக் சிங்களத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அல்லாவே, பூதமெண்டு தன்னத்தான் சொல்றாய் எண்டு நினைச்சாரெண்டா ரெண்டு பேரும் முடிஞ்சம், மனேஜர்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, ‘ஒரு பெரிய ஆள்’ என்று மாற்றிச் சொன்னார். அது இன்னும் வினையாகிவிட்டது. அந்தப் பெரிய ஆள் யார், எந்தக் காட்டில் இருக்கிறார் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சூட்டைத் தணிக்கலாம் என்று பாறூக் தன் பாட்டில் கதைக்குள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பெருவாயனுக்குக் கலியாணம் பேசினார். சாக்குக்கு, ஐயா.

கடைசியில், இது வெறும் கதை மாத்தயா, நான் ஒரு எழுத்தாளன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதுதான் கதையோடு குத்தியிருந்த தங்கள் குறிப்புக் கோப்ரலின் கண்ணில் பட்டது. பாறூக் அதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். கோப்ரல் அதைத் தூக்கிப் பிடித்து, “எடிட்டர் மாத்தயா சொல்றது, இது கதை இல்ல. சீல் இருக்கு. அப்ப இது என்ன?” என்று கேட்டார். கதையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அடையாள அட்டையையும் வாங்கிப் பைக்குள் போட்டு, கதைதான் என்று எடிட்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

ஐயா, வெள்ளாமை முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. அட்டையில்லாமல் நான் அக்கரைக்குப் போக முடியாது. ஒரு மழை அடித்தால் இந்த வருடச் சோறு சேற்றோடு போய்விடும். பயமாக இருக்கிறது. சீதேவிப்பிள்ளை, “மாட்ட மாடெண்டு எழுதியிருந்தா இப்ப வயலுக்க நிண்டிருப்பீங்க” என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசுவதில்லை. ஆகவே தயவுகூர்ந்து, இது சிறுகதைதான் என்று ஒரு வரி, அதே சிவப்பு மையில், அதே முத்திரையோடு எழுதி உடனே அனுப்பவும். நல்ல கதை என்று சொல்லவேண்டிய கட்டாயமில்லை. மோசமான கதை, படுமோசமான கதை என்றாவது எழுதுங்கள், மனமார ஏற்றுக்கொள்கிறேன். கதை என்ற சொல் இருந்தால் போதும்.

தங்கள் இதழ் வாவித் தண்ணீர் போல வற்றாமல் வரவும், தங்கள் சிவப்பு மை சீக்கிரம் தீரவும் பிரார்த்திக்கும்,

தங்கள் இளம் எழுத்தாளன்,
கந்தப்போடி நல்லரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சீதேவிப்பிள்ளை ஒரு சட்டி எருமைத் தயிரோடு தனியாகச் சென்றிக்குப் போய் வந்துவிட்டாள். “தம்பி, உங்கட ஊர்க் களத்தில பூதம் வாறல்லியா?” என்று கேட்டாளாம். பூதம் என்பதற்குச் சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தானாம். கோப்ரல் விழுந்து விழுந்து சிரித்து, எங்கள் ஊர்க் களத்திலும் மாட்டை மாடென்று சொல்வதில்லை, சின்ன வயதில் தெரியாமல் சொல்லித் தகப்பனிடம் அடி வாங்கியிருக்கிறேன் என்று சொல்லி அட்டையைக் கொடுத்துவிட்டார். நாளை வயலுக்குப் போகிறேன். எனவே தாங்கள் எதுவும் எழுதித் தரவேண்டாம். கதையை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. பாறூக் துறைக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டுகிறாராம். பெருவாயனுக்குப் பேசிய பெண் என்ன ஆனாள் என்று முகாமே காத்திருக்கிறது. இவ்வளவு நல்ல கதையைக் கதையே இல்லை என்று சொன்ன ஆளைத்தான் இப்போது கோப்ரல் நேரில் விசாரிக்க விரும்புகிறார். முத்திரையில் தங்கள் விலாசம் மங்கலாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.